பங்கேற்பாளர் ஏழு

தங்கை அந்தத் துறையில் போய்ச் சேர்ந்ததே ஒரு தவறான எண்ணத்தில்தான். வாசலில் பித்தளை எழுத்தில் ‘தொழில்முனைவு ஆய்வுத் துறை’ என்று பொறித்திருந்தது. உள்ளே போனால் தொழில் நடத்தச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துவிட்டாள். பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதால்தான் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்கள் கிடைக்கிறார்கள்.

அவளுடைய அண்ணனுக்கு ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வயதானவர்கள் குளியலறையில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்கும் முக்காலி, கட்டில் ஓரத்துத் தடுப்பு எல்லாம் அங்கே செய்தான். ஒரு காலத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணன் ஒரு ஸ்டீல் குழாயை வெட்டி, வளைத்து, சுவரில் நாலு போல்ட் போட்டு இறுக்கினான். அப்பா அதைப் பிடித்து எழுந்து நின்று, “அசையவே இல்லடா” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தன் மாமியாருக்கு ஒன்று கேட்டார். தொழில் ஆரம்பித்த கதை இவ்வளவுதான். இந்தக் கதைக்குக் கோட்பாட்டு அடித்தளம் கண்டுபிடிக்கத் தங்கைக்கு ஆறு வருஷம் பிடித்தது.

அண்ணனுக்கு இரும்பு என்றால் கை பேசும். காகிதம் என்றால் வியர்த்துவிடும். ஒரு விலைப்பட்டியல் எழுத உட்கார்ந்தால் அரை நாள் ஓடிவிடும். அதனால் கொட்டகையின் காகித வேலை எல்லாம் தங்கையுடையது. எந்த உறையை ஒட்டுவதற்கு முன்னாலும் அதை அவளிடம் நீட்டி, “பாப்பா, எல்லாம் இருக்கான்னு ஒருதடவ பாரு” என்பான். அவள் பார்த்து “ம்” என்றால் ஒட்டுவான். முப்பத்தெட்டு வயசு ஆள், தங்கச்சி ‘ம்’ சொல்லாமல் ஒரு உறையை ஒட்டியதில்லை.

இன்னும் நன்றாக உதவலாமே என்றுதான் அவள் படிக்கப் போனாள். நேர்முகத் தேர்வில் அதை மறைக்காமல் சொல்லவும் செய்தாள். “எங்க அண்ணன் கடையை இன்னும் நல்லா நடத்தணும் சார். அதுக்காகத்தான்.”

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அம்மா, ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். இங்க யாரும் தொழில் நடத்தக் கத்துத் தர்றதில்ல. தொழில் நடத்தறதுன்னா என்னன்னு கேக்கறோம். முப்பத்தோரு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். இந்த முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு கடைக்குள்ளயும் கால் வெச்சதில்ல. வீட்டுச் சாமான் கூட என் மனைவிதான் வாங்குவாங்க. என் நடுநிலைமைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?”

மற்றவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். தங்கையும் ஆட்டினாள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அப்பா தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் தன் மகள் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லி, அதில் இரண்டு பேர் தங்கள் மூட்டு வலியைப் பற்றி விசாரிக்கும்படி செய்துவிட்டார்.

முதல் வருஷம் முழுக்க வரையறை. தொழில்முனைவோர் என்றால் யார் என்பதற்குத் துறையின் நூலகத்தில் நூற்றுப்பதினாலு வரையறைகள் இருந்தன. அண்ணன் அதில் ஒன்றுக்குள்ளும் அடங்கவில்லை. சிலவற்றுக்கு அவன் வளர்ச்சி போதாது. சிலவற்றுக்கு அவன் கனவு போதாது. ஒரு வரையறைப்படி அவன் வேலையில்லாதவன். இந்தத் தகவலை அவள் வீட்டில் சொன்னபோது அண்ணன் கையில் வெல்டிங் சூட்டுக் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தான். “அப்ப ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லாம நான் என்னதான் பண்ணிக்கிட்டிருக்கேன்?” என்று கேட்டுச் சிரித்தான். தங்கை தலைவர் அறைக்கு நாலு மாதம் நடையாய் நடந்து, வரையறையின் ஓரத்தில் நிற்கிற ஆள் என்று, ‘விளிம்பு நேர்வு’ என்ற பெயரில் அவனை உள்ளே சேர்த்தாள்.

அடுத்த வருஷம் கோட்பாட்டு அடித்தளம்.

“அஸ்திவாரமே ஒரு வருஷமா? மொத்தம் எத்தனை மாடி கட்டறாங்க?” என்றான் அண்ணன்.

மாடி இருக்கட்டும், படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறையில் இரண்டு படிக்கட்டுகள். இடது படிக்கட்டில் ஒரு பேராசிரியர் ஏறுவார், வலது படிக்கட்டில் இன்னொருவர். பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தொழில் வாய்ப்பு என்பது ஏற்கனவே உலகத்தில் கிடக்கிறது, கண்ணுள்ளவன் கண்டெடுக்கிறான் என்பது முதலாமவரின் கட்சி. அப்படி எதுவும் கிடப்பதில்லை, மனுஷன்தான் அதை உருவாக்குகிறான் என்பது மற்றவரின் கட்சி. மாணவர்கள் அவர்களைக் கண்டெடுப்பார் என்றும் உருவாக்கியார் என்றும் கூப்பிட்டார்கள். தங்கையின் ஆய்வேட்டுக்கு இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

“உங்க அண்ணன் அந்தக் கைப்பிடியைக் கண்டெடுத்தாரா, உருவாக்கினாரா? அதைக் கேட்டுட்டு வாங்க” என்றார்கள் இருவரும், தனித்தனியாக, அவரவர் படிக்கட்டில் நின்றபடி.

கேட்டாள். அண்ணன் வெகுநேரம் யோசித்தான். தங்கையின் படிப்பாயிற்றே, தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. “அப்பா விழுந்தாரு. தூக்கி உக்கார வெச்சேன். மறுபடி விழுந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். இதுல அது எங்க பாப்பா வருது?”

கண்டெடுப்பார் இதைக் கேட்டுத் துள்ளினார். “வழுக்கும் தரை ஏற்கனவே இருந்தது! விழுகிற அப்பா ஏற்கனவே இருந்தார்! கண்டெடுப்பு!”

உருவாக்கியார் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “அப்பா விழுந்தார்னு யார் சொன்னது?”

“அப்பாதான் சார்.”

“அது அவர் தர்ற விளக்கம். நீங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டா எப்படி?”

“இடுப்பெலும்பு உடைஞ்சிருந்தது சார். எக்ஸ்ரே இருக்கு.”

“எக்ஸ்ரேங்கறதும் ஒரு விளக்கம்தாம்மா” என்றார் அவர், மிகவும் பரிவாக.

அவள் அந்த அத்தியாயத்தை இரண்டு விதமாக எழுதினாள். ஒன்றில் அப்பா விழுந்தார். மற்றதில் அப்பா விழுந்ததாகக் கருதப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பைண்டு செய்ததில் புத்தகம் தடியானது, தலைவர் மகிழ்ந்தார். கனம் கூடக்கூட அடித்தளம் உறுதியாகிறது என்றார்.

மூன்றாம் வருஷம் களப்பணி. அதற்கு முன்னால் ஆய்வு நெறிமுறைக் குழுவில் கையெழுத்துப் போட வேண்டும். குழுவின் செயலாளர் ஒரு அம்மாள். மென்மையாகப் பேசுவார், எதையும் மன்னிக்க மாட்டார். தலையிடாமை உறுதிமொழி என்று நாலு பக்கம் நீட்டினார். ஆய்வாளர் பங்கேற்பாளரின் தொழிலில் கைகொடுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, முகபாவத்தால் குறிப்புணர்த்தக் கூடாது. பன்னிரண்டு அடிக்குக் குறையாத தூரத்தில் அமர்ந்து கவனிக்க வேண்டும்.

“அவரு எங்க அண்ணன் மேடம். ஒரே வீட்டுல இருக்கோம்.”

“வீட்டுல தாராளமா பேசலாம். தொழில் சம்பந்தப்பட்ட பெயர்ச்சொல் மட்டும் வரக் கூடாது.” செயலாளர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். “பாசம் இருந்தா தரவு கெட்டுப்போயிடும் இல்லையா? அதுக்காகத்தான்.”

அண்ணனுக்கும் எண் தந்தார்கள்: பங்கேற்பாளர் ஏழு. மற்ற ஆறு பேர் யார் என்று அவன் ஆவலாகக் கேட்டான். யாரும் இல்லை, ஒன்று என்று போட்டால் சின்ன ஆய்வு என்று நினைத்துவிடுவார்கள், அதனால் ஏழிலிருந்து தொடங்கியிருக்கிறோம் என்று அவள் சொன்னாள். அவன் வயிறு வலிக்கச் சிரித்தான்.

அந்த வாரமே கொட்டகையில் டேப்பை விரித்து, தன் வேலை மேசையிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து, தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டான். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்காக ஒரு நாற்காலியும் செய்துவைத்தான். வலது கைக்கு எழுத ஒரு பலகை, முதுகுக்கு மெத்தை. “ஒரு அங்குலம் குறைஞ்சாலும் உன் படிப்புக்கு ஏதாவது ஆயிடும்” என்றான். தங்கச்சி டாக்டராவதற்குத் தன்னால் ஆன இரும்பு வேலை என்று அவனுக்குப் பெருமை.

இப்படியாக அவள் உட்கார்ந்தாள். ஒரு நாள் அவன் மேலே ஏணியில் நின்றுகொண்டு கீழே கிடந்த ஸ்பேனருக்காகக் கையை நீட்ட, யோசிக்காமல் எழுந்துபோய் எடுத்துக்கொடுத்துவிட்டாள். நேர்மையானவளாயிற்றே, குறிப்பேட்டிலும் எழுதிவைத்தாள். குழு மூன்று அமர்வுகள் கூடி அதை விசாரித்தது. ஸ்பேனர் எத்தனை அங்குலம், கொடுத்தபோது புன்னகைத்தாளா என்றெல்லாம் கேட்டார்கள். அந்த வருஷத்துத் தரவு முழுக்கக் கறைபட்டதாக முடிவாகி, களப்பணியை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். இன்னொருமுறை நடந்தால் பதிவே ரத்து என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று வருஷப் படிப்பு ஒரு ஸ்பேனரில் தொங்கியது.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டிலும் பேச்சு வற்றியது. சாப்பிடும்போது அண்ணன், “இன்னிக்கு அந்த...” என்று தொடங்கிவிட்டு, அடுத்து வரப்போவது பெயர்ச்சொல் என்று உணர்ந்து வாயை மூடிக்கொள்வான். பெயர்ச்சொல் இல்லாமல் என்ன பேசுவது? மழை வரும் போலிருக்கிறது என்பார்கள். வராது என்பார் அப்பா.

கொட்டகைக்கும் கெட்ட காலம் பிறந்திருந்தது. பெரிய கடைகளில் ஒட்டிவைக்கிற பிளாஸ்டிக் கைப்பிடி வந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கும், பிடித்தால் கையோடு வரும். அது விழுந்தவர்களுக்குத்தான் தெரியும், வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை புதிய கட்டடத்துக்கு நானூறு கைப்பிடியும் இருநூறு முக்காலியும் கேட்டு அறிவிப்பு விட்டது. அந்த ஆர்டர் வந்தால் கொட்டகை நிற்கும். வராவிட்டால் நிற்காது. இதற்குக் கோட்பாடு தேவைப்படவில்லை, அண்ணனோடு தொடக்கத்திலிருந்து வேலை பார்த்த வெல்டருக்குக்கூட அது தெரிந்திருந்தது.

அண்ணன் மாதிரிகளைச் செய்து, ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் எடை தாங்கும் சான்றிதழ் வாங்கிவந்தான். கைப்பிடி முந்நூறு கிலோவுக்கும் அசையவில்லை என்று அதில் எழுதியிருந்தது. விண்ணப்பத்தை அவனே எழுதினான், பத்து நாள். தங்கை பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, அவன் அடித்து அடித்து எழுதுவதைக் குறிப்பெடுத்தாள்.

கடைசி நாள் காலை பத்து நாற்பதுக்கு அவன் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி உறைக்குள் வைத்தான். நடுவில் போன் அடித்தது. பேசிக்கொண்டே அளவு டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தான். டேப்புக்கு அடியில் சான்றிதழ் அகப்பட்டுக்கொண்டது. போனை வைத்துவிட்டு, மீதித் தாள்களை உள்ளே தள்ளினான். பிறகு பழைய பழக்கத்தில் உறையை அவள் பக்கம் நீட்டினான்.

“பாப்பா, எல்லாம்...” என்று சொல்லி நிறுத்தினான். தலையில் தட்டிக்கொண்டான். “மறந்துட்டேன். உன்கிட்ட கேக்கக் கூடாதில்ல?”

சிரித்துக்கொண்டே ஒட்டினான்.

அவன் கை கழுவினான், நல்ல சட்டை போட்டான், கண்ணாடி பார்க்காமல் தலை சீவினான். தங்கை வெளியே ஓடிப்போய்ச் செயலாளருக்குப் போன் செய்தாள். “மேடம், ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். ஒரு தாளை விட்டுட்டாரு. அவ்வளவுதான்.”

“அவசரத் தலையீட்டுக்குப் படிவம் ஒன்பது இருக்கேம்மா. கொடுங்க. அடுத்த மாசம் குழு கூடும்.”

“இப்பக் கிளம்பறாரு மேடம்.”

“பாத்தீங்களா, எவ்வளவு இயல்பான தருணம்! இதை விட்டுடாம எழுதிக்குங்க” என்றார் செயலாளர், உண்மையான மகிழ்ச்சியோடு.

அண்ணனின் வண்டி ரயில் பாதையைத் தாண்டும்வரை அவள் வாசலில் நின்றாள். மருத்துவமனையிலிருந்து யாராவது கூப்பிட்டு விட்டுப்போன தாளைக் கேட்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு வருஷம், அப்பாவின் பெருமை, எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். எழுத்து நன்றாகவே வந்தது, அதுதான் வெட்கக்கேடு.

மருத்துவமனையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. முழுமையற்ற விண்ணப்பம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவள் அன்றே கொடுத்திருந்த படிவம் ஒன்பதுக்கான பதில் ஏழு வாரம் கழித்து வந்தது: ஆய்வாளர் பங்கேற்பாளரிடம் தகவலைத் தெரிவிக்க அனுமதி வழங்கப்படுகிறது, இறந்தகாலத்தில் மட்டும். அதை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். உண்மையில் அவளுக்குப் பயம்.

எட்டு மாதத்தில் கொட்டகை மூடியது. அண்ணன் ஒரு பெரிய கடையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பிளாஸ்டிக் கைப்பிடிப் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. வெல்டர் எங்கோ போய்விட்டார். அவருக்கும் அண்ணனுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் தங்கைக்குத் தெரியும்.

துறைக்கு அது பொற்காலம். வாய்மொழித் தேர்வு நடந்த அன்று அரங்கு நிரம்பியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னுரையையும் முடிவுரையையும் படித்திருந்தார், அதையும் ரயிலில். “வெற்றி பெற்றவங்க எல்லாரும் பேட்டி குடுப்பாங்க. தோத்தவன் கதவைச் சாத்திட்டுப் போயிடுவான். இங்க ஒரு தோல்வி, தொடக்கத்திலேர்ந்து முடிவு வரைக்கும், யார் கையும் படாம, இவ்வளவு சுத்தமா கிடைச்சிருக்கு! இந்தப் பங்கேற்பாளருக்கு நம்ம துறை கடமைப்பட்டிருக்கு. அவர் யாருங்கறது நமக்குத் தெரியக் கூடாது, அதுதான் அவருக்கு நாம செய்யற மரியாதை.”

கண்டெடுப்பார் எழுந்தார். வாய்ப்பு மேசைமேலேயே கிடந்தது, அவர் கண்டெடுக்கவில்லை என்றார். உருவாக்கியார் எழுந்தார். இல்லாத வாய்ப்பை அவர் உருவாக்கத் தவறினார் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஆமாம், அதற்குள் பதினைந்து ஆகியிருந்தது, இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கினார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று இருவரும் ஒரே படிக்கட்டில் இறங்கினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கையிடம், “அவர் மறுபடி ஏதாவது தொடங்கற மாதிரி இருந்தா சொல்லுங்க. தொடர் ஆய்வுக்கு நிதி இருக்கு” என்றார்.

நன்றியுரையில் ‘என் அண்ணனுக்கு’ என்று அவள் எழுதியிருந்ததைச் செயலாளர் அடித்துவிட்டார். பங்கேற்பாளரின் அடையாளம் தெரிந்துவிடுமாம்.

அண்ணன் பட்டத்துக்குப் பரிசாக ஒரு பெயர்ப்பலகை செய்துவந்தான். கிடங்கில் மிஞ்சிய ஸ்டீல் தகடு. ‘டாக்டர்’ என்று தொடங்கும் அவள் பெயரைக் கையாலேயே அறுத்திருந்தான், ஒரு பிசிறு இல்லை. அதை வாசலில் மாட்டிவிட்டு, “உன் புக்கைக் குடு. படிக்கிறேன்” என்றான்.

“வேண்டாண்ணா. உனக்கு அலுப்பா இருக்கும்.”

“ஆறு வருஷம் எழுதியிருக்க. நான் படிக்காம யாரு படிப்பா?”

அது உண்மைதான். முந்நூற்று நாற்பது பக்க ஆய்வேட்டை முழுசாகப் படிக்க முன்வந்த ஒரே ஆள் அவன். அவள் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள். அண்ணன் நூறு பக்கத்தில் நிறுத்திவிடுவான் என்று நம்பினாள். அவன் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, ஒரு சொல்லையும் விடாமல் படித்தான். எண்பத்தெட்டாம் பக்கத்தில் குழாயின் கனம் தப்பு என்று பென்சிலால் திருத்தினான். “நன்றின்னு ஒரு பக்கம் இருக்கு, நம்ம வீட்டு ஆளு யாரையும் காணோமே?” என்று கேலி செய்தான். அப்பா விழுந்ததாகக் கருதப்பட்ட பகுதியை அப்பாவுக்கே உரக்கப் படித்துக் காட்டினான். அப்பா இடுப்பைத் தடவிக்கொண்டு, “கருதப்பட்டதா?” என்றார்.

நாலாவது ஞாயிறு விரல் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது. தங்கை கூடத்தின் மறுகோடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நின்ற சத்தம் கேட்டது போல நிமிர்ந்தாள்.

அவன் மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தான். “பங்கேற்பாளர் ஏழு உறையை ஒட்டிய தருணத்தில், சோதனைச் சான்றிதழ் மேசையின் வலது ஓரத்தில், டேப்புக்கு அடியில் இருந்தது. ஆய்வாளர் இதைக் கவனித்தார். நெறிமுறைப்படி தலையிடவில்லை.”

இன்னொருமுறை படித்தான், சத்தமில்லாமல்.

“ஆய்வாளர்னா நீதானே?”

“ஆமாண்ணா.”

“வெல்டர்தான் மேசையைத் துடைக்கறப்ப எங்கயோ தள்ளிட்டாருன்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லாம கிளவுஸைக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டாரு.” அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். “ரெண்டு வருஷம் ஆச்சு.”

படிவம் ஒன்பது பற்றிச் சொல்லலாம், ஸ்பேனரைப் பற்றிச் சொல்லலாம், எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே அடிக்குறிப்புகளோடு இருந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். மேசைவரை போய் அவன் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது, கால் வரவில்லை. எழுந்து போகாமல் இருக்கத்தான் அந்தக் காலுக்கு மூன்று வருஷம் பயிற்சி.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். மேசைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தரையை மட்டும் பார்த்தான்.

“பன்னண்டு அடி, இல்ல?” என்றான். “சரியா இருக்கணும்னு ரெண்டு தடவ அளந்தேன் பாப்பா.”